பதினொன்று கிடைத்தது, பன்னிரண்டாவது கிடைக்கவில்லை

அந்தத் தகட்டில் மொத்தம் பன்னிரண்டு குறைகளை ஒளித்து வைத்திருந்தார்கள். எத்தனை என்று எங்களிடம் சொல்லவில்லை, அதுதான் தேர்வே. நாற்பது மில்லிமீட்டர் தடிமனில் ஒரு இரும்புத் தகடு, நடுவே ஒரு வெல்ட், கையில் ஒரு யூ.டி. மெஷின் (அல்ட்ராசோனிக், காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியைக் காட்டுவது), 45, 60, 70 டிகிரி சாய்வில் ஒலியை அனுப்பும் மூன்று ப்ரோப், ப்ரோப்புக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று இல்லாமல் தடவ ஒரு பாட்டில் கப்ளண்ட் ஜெல், மூன்று மணி நேரம். ப்ரோப்பை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு, லேசாகத் திருப்பித் திருப்பி, திரையின் அடியில் புல் மாதிரி அசைந்துகொண்டிருக்கும் இரைச்சலுக்கு நடுவே எங்கே ஒரு எதிரொலி தலை தூக்குகிறது என்று பார்த்து, ஆழத்தையும் நீளத்தையும் சாக்பீஸால் தகட்டின் மேலேயே குறித்துக்கொண்டு போனேன். பதினொன்று கிடைத்தது. ஒரு இடத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத காற்றுக் குமிழிகள் கொத்தாக இருந்தன, அதையும் விடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்துவிட்டது. முடிந்ததும் விடைத்தாளைக் காட்டினார்கள். நான் விட்ட ஒன்றுதான் தகட்டில் இருந்ததிலேயே பெரியது. பதினைந்து மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் விரிசல்.

மதிப்பெண் போனது ஒரு வாரத்தில் மறந்துவிட்டது. சின்னதெல்லாம் கிடைத்துப் பெரியது எப்படித் தப்பியது என்பது மட்டும் மறக்கவே இல்லை. காரணம் ரொம்ப எளிது. அந்த விரிசல் தகட்டின் உள்ளே, மேல்பரப்பையும் தொடாமல் அடிப்பரப்பையும் தொடாமல், செங்குத்தாக, வழவழவென்று நின்றது. சுவரில் மாட்டிய கண்ணாடி மேல் மேலேயிருந்து சாய்வாக டார்ச் அடித்தால் வெளிச்சம் நம் கண்ணுக்கா திரும்பும்? கீழே தரைக்குப் போகும். ஒலியும் அப்படித்தான், என் ப்ரோப்பிலிருந்து சாய்வாகப் போய், விரிசலில் பட்டு, அடிப்பரப்பில் பட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டது. குமிழிகள் உருண்டையானவை, எந்தப் பக்கமிருந்து ஒலி வந்தாலும் கொஞ்சமாவது திருப்பி அனுப்பும். பெரியது ஒளிந்துகொண்டது, சின்னது காட்டிக்கொடுத்தது.

என்.டி.டி., அதாவது பொருளை வெட்டாமல், உடைக்காமல், கெடுக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது, இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய வரும் பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் "சார், எந்தத் தலைப்பை எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உன் முறை எவ்வளவு சின்ன விரிசலைப் பிடிக்கும் என்று சொல்லப் போகிறாயா, எவ்வளவு பெரிய விரிசலைத் தவறவிடும் என்று சொல்லப் போகிறாயா? முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாவதற்குத்தான் ஆள் தேவை. விமானத்தில் ஏறுகிறவருக்கும் கொதிகலன் பக்கத்தில் நிற்கிறவருக்கும் அந்த இரண்டாவது பதில்தான் வேண்டும்.

பழைய கதையை நீட்ட மாட்டேன். ரான்ட்ஜன் 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த கொஞ்ச நாளிலேயே தன் வேட்டைத் துப்பாக்கியை எக்ஸ்ரே எடுத்து உள்ளே பார்த்துவிட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபயர்ஸ்டோனுக்கு, ஒலித்துடிப்பை உள்ளே அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவிக்கு 1942-ல் காப்புரிமை கிடைத்தது. இன்று என் கையில் இருப்பதும் அடிப்படையில் அதேதான். சாயத்தைத் தடவி விரிசலுக்குள் இறங்கவிட்டுப் பிறகு வெளியே இழுத்துப் பார்ப்பது, காந்தத் தூள் தூவுவது, உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டிப் பார்க்கும் எடி கரண்ட், எக்ஸ்ரே படமெடுக்கும் ரேடியோகிராபி, எல்லாமே வேலைத்தளத்தில் அன்றாடம் நடப்பவை. இவ்வளவு வயதான துறையில் ஆராய்ச்சி செய்ய என்ன மிச்சம் என்று கேட்பவர்களுக்கு 1989-ல் நடந்ததைத்தான் சொல்லுவேன்.

அந்த ஆண்டு ஜூலை 19-ம் தேதி, யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 என்ற டி.சி.-10 விமானத்தின் வால்பக்க எஞ்சினில் விசிறித் தட்டு பறக்கும்போதே பிளந்தது. சிதறிய துண்டுகள் விமானத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று ஹைட்ராலிக் இணைப்புகளையும் அறுத்துவிட்டன. இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து மட்டுமே விமானத்தை சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள், ஆனாலும் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தட்டு டைட்டானியத்தால் ஆனது. உலோகத்தை உருக்கிய நேரத்திலேயே, எழுபதுகளின் தொடக்கத்தில், நைட்ரஜன் மிகுந்த, கண்ணாடி மாதிரி நொறுங்கும் ஒரு சிறு பகுதி அதற்குள் மாட்டிக்கொண்டது. ஹார்ட் ஆல்ஃபா என்பார்கள். அங்கிருந்து விரிசல் தொடங்கி, ஒவ்வொரு பறப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. விபத்துக்கு முந்தைய ஆண்டு அந்தத் தட்டைக் கழற்றி ஒளிரும் சாயச் சோதனை செய்திருக்கிறார்கள். அப்போதே விரிசல் பரப்பில் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளம் இருந்திருக்க வேண்டும் என்பது விசாரணைக் குழுவின் கணக்கு. கை நகத்தின் அகலம். அறிக்கையில் 'குறை இல்லை'.

இதில் இரண்டு தனித்தனித் தோல்விகள் இருக்கின்றன, இரண்டும் பின்னால் தனித்தனி ஆராய்ச்சிப் பாதைகளாகவே போயின. முதலாவது பொருளின் பக்கம். ஹார்ட் ஆல்ஃபா பகுதியும் அதைச் சுற்றியுள்ள டைட்டானியமும் ஒலிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நடுவில் வெற்றிடமோ வெடிப்போ இல்லையென்றால் அதிலிருந்து எதிரொலி மிகப் பலவீனமாகத்தான் வரும். அந்தப் பலவீனமான எதிரொலியும் கிரெயின் இரைச்சலுக்குள் முங்கிப்போகும். உலோகம் என்பது ஒரே கட்டி கிடையாது, கோடிக்கணக்கான சின்னச் சின்னப் படிகங்கள் (இவைதான் கிரெயின்கள்) ஒட்டிக்கொண்டிருப்பது, ஒவ்வொரு எல்லையிலும் ஒலி கொஞ்சம் சிதறுகிறது. நமக்குத் திரையில் தெரியும் புல் அதுதான், மெஷினின் கோளாறு இல்லை. சாதாரண மின் இரைச்சல் என்றால் நூறு முறை அளந்து சராசரி எடுத்தால் அடங்கிவிடும். கிரெயின் இரைச்சல் அடங்காது, ஏனென்றால் நூறு முறையும் அதே படிகங்கள், அதே இடம், அதே எதிரொலி. புதிதாக வருகிற மாணவர்கள் பெரும்பாலும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

சரி, அதிர்வெண்ணைக் கூட்டினால் சின்னது தெரியுமே என்றால் அதற்கும் விலை உண்டு. இரும்பில் நெட்டலை நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் போகிறது, 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.2 மில்லிமீட்டர். கிரெயின்கள் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாக இருக்கும்வரை சிதறல் அதிர்வெண்ணின் நான்காம் அடுக்கில் ஏறும், அதாவது அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் சிதறல் பதினாறு மடங்கு. ஆஸ்டெனிடிக் என்ற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் வெல்ட் இன்னும் மோசம். அதில் கிரெயின்கள் நீளநீளமாகத் தூண் மாதிரி வளர்ந்திருக்கும், ஒலியின் வேகம் திசைக்குத் திசை மாறும், நாம் நேராக அனுப்பிய பீம் உள்ளே போய் வளைந்து வேறெங்கோ நிற்கும். எதிரொலி வரும், ஆனால் திரை காட்டும் இடத்தில் குறை இருக்காது. அணு உலைக் குழாய்களில் இந்த வகை வெல்டுகள் நிறைய. இந்த வளைவை முன்கூட்டியே கணக்கிட்டுத் திருத்துவது எப்படி, கிரெயின் அமைப்பையே வெளியிலிருந்து ஒலியால் வரைந்தெடுக்க முடியுமா என்பது இன்னும் திறந்தே கிடக்கிற வேலை. கணிதம் பிடித்தவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்லுவேன்.

அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆதரவில் எஞ்சின் டைட்டானியம் கன்சார்ஷியம் என்று ஒரு கூட்டமைப்பு உருவாகி, பல்கலைக்கழகமும் எஞ்சின் தயாரிப்பாளர்களும் சேர்ந்து இதே கிரெயின் இரைச்சலோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். தட்டாக அடிப்பதற்கு முந்தைய உருளையை ஒரே ப்ரோப்பால் பார்க்காமல், ஆழத்துக்கு ஒன்றாகக் குவிந்த பல ப்ரோப்களால் அடுக்கடுக்காகப் பார்க்கும் முறை அந்தக் காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. யோசனை என்னவோ எளிமைதான், ஒலியை நன்றாகக் குவித்தால் ஒரு நேரத்தில் அது பார்க்கும் கிரெயின்களின் எண்ணிக்கை குறையும், புல்லும் குட்டையாகும்.

இரண்டாவது தோல்வி மனிதர் பக்கம், அல்லது மனிதரையும் முறையையும் சேர்த்து அளப்பதன் பக்கம். 'இந்தச் சோதனை 12 மில்லிமீட்டர் விரிசலைப் பிடிக்கும்' என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? இதைத்தான் கண்டறியும் நிகழ்தகவு என்கிறோம், வேலைத்தளத்தில் பி.ஓ.டி. எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த கணக்கு இங்கேதான் இருக்கிறது. ஒரே அளவு விரிசலுள்ள 29 மாதிரிகளை ஒருவரிடம் கொடுங்கள். இருபத்தொன்பதையும் அவர் கண்டுபிடித்தால், அவருடைய பிடிக்கும் திறன் குறைந்தது 90 சதவீதம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். ஏன் 29? உண்மையான திறன் 90 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டு 0.9-ஐ இருபத்தொன்பது முறை பெருக்கிப் பாருங்கள், 0.047 வரும். ஐந்து சதவீதத்துக்குக் கீழே. 28 என்றால் 0.052, பத்தாது. ஒன்றே ஒன்றைத் தவறவிட்டாலும் 29 போய் 46 மாதிரிகள் வேண்டும், இரண்டு என்றால் 61.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. இப்போது 29 விரிசல்களுக்கு எங்கே போவது? நிஜ விரிசல், நிஜ உலோகத்தில், நமக்கு வேண்டிய அளவில். பள்ளம் வெட்டி விரிசல் என்று பெயர் வைக்கலாம், ஆனால் வெட்டிய பள்ளம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும், நிஜ விரிசல் அழுத்தத்தில் வாயை மூடிக்கொள்ளும், எதிரொலி ரொம்பவே குறையும். பொருளை ஆயிரக்கணக்கான தடவை வளைத்து வளைத்து விரிசலை வளர்க்கலாம், நாளும் ஆகும், பணமும் ஆகும், வேண்டிய அளவில் நிற்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அப்புறம் விரிசல் ஓர் அளவில் மட்டுமா இருக்கும், சாய்வு, கரடுமுரடு, எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு 29. என் தகட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், விரிசலின் உயரத்தை மட்டும் வைத்து பி.ஓ.டி. வளைகோடு வரைந்திருந்தால் பதினைந்து மில்லிமீட்டர் என்பது நூற்றுக்கு நூறு பகுதியில் உட்கார்ந்திருக்கும். நான் அதைத்தானே விட்டேன்.

அதனால் மாதிரிகளில் பாதியைக் கணினிக்குள் செய்துகொள்ளலாம் என்று ஒரு பெரிய ஆராய்ச்சிப் பிரிவே வளர்ந்திருக்கிறது. பிரான்சின் அணு ஆற்றல் அமைப்பான சி.ஈ.ஏ. உருவாக்கிய சிவா மென்பொருளில் ப்ரோப், வெல்ட், விரிசல் எல்லாவற்றையும் வரைந்து எதிரொலியைக் கணக்கிடலாம். இயற்பியல் கணினியிலிருந்து, மனிதப் பிழை நிஜச் சோதனையிலிருந்து, இரண்டையும் எப்படி நேர்மையாகச் சேர்ப்பது என்பதில்தான் சண்டை. என் கருத்தைக் கேட்டால், கணினி எதிரொலியைச் சரியாகச் சொல்கிறது, மதியம் மூன்று மணிக்கு வரும் கொட்டாவியைச் சொல்வதில்லை.

கொட்டாவியைச் சும்மா சொல்லவில்லை. 1988 ஏப்ரல் 28-ம் தேதி அலோஹா ஏர்லைன்ஸ் 243 விமானத்தின் மேற்கூரை 24,000 அடி உயரத்தில் பிய்ந்து போனது. ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) துளை ஒவ்வொன்றிலும் கிளம்பிய குட்டி விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கிழிசலாகிவிட்டன. அந்த விசாரணையில் ஒரு விஷயம் எனக்கு இன்றும் மனதை உறுத்தும். விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி கதவுக்குப் பக்கத்தில் விரிசலைக் கண்ணால் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. கருவி எதுவும் இல்லாமல் கிடைத்தது அது. அந்தப் பக்கம், வேலையே அதுவாக உள்ளவர்கள் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை வரிசையாகப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் இரவில், சாரத்தின் மேல் நின்று, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது நல்லதைப் பார்த்த கண்ணோடு ஆயிரமாவதைப் பார்க்க வேண்டும். இந்தச் சலிப்பை ஆராய்வதற்கு உளவியல் தெரிந்த ஆள் வேண்டும், நம் துறையில் அப்படிப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நிதி கேட்டுப் பாருங்கள், புது சென்சாருக்குக் கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. எழுபதுகளில் தொடங்கிய பிஸ்க் என்ற பன்னாட்டுத் திட்டத்தில் தடித்த இரும்புத் தகடுகளைக் குழு குழுவாகச் சோதிக்க விட்டுக் கடைசியில் வெட்டியே பார்த்தார்கள். ஒரே தகட்டில் குழுவுக்குக் குழு முடிவு அவ்வளவு மாறியது. அதைப் பார்த்தபிறகுதான் பலருக்கு 'எந்த முறை' என்பதோடு 'யார் கையில்' என்பதையும் சேர்த்துக் கேட்கத் தோன்றியது.

மனிதனுக்குச் சலிக்கும் என்றால் இயந்திரத்திடம் கொடுத்துவிடலாமே? இப்போது வருகிற தலைப்புகளில் முக்கால்வாசி இதுதான், செயற்கை நுண்ணறிவு. நானும் அதில் கையைச் சுட்டுக்கொண்டவன்தான். நாங்கள் ஒரு மாடலுக்குக் குறையுள்ள தகடுகள், குறையில்லாத தகடுகள் இரண்டின் பதிவுகளையும் கொடுத்துப் பழக்கினோம். முதல் வாரத்திலேயே கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு. எல்லோரும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அந்தப் படங்களில் சிலவற்றில் குறை எங்கே என்று எனக்கே தெரியவில்லை. பிறகு விரிசல் இருந்த பகுதியை அழித்துவிட்டு மிச்சப் படத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் 'குறை உண்டு' என்றே சரியாகச் சொன்னது! தோண்டிப் பார்த்தால், குறையுள்ள தகடுகளை எல்லாம் வேறொரு நாளில் இரண்டு டெசிபல் கூடுதல் கெயினில், அதாவது எதிரொலியைக் கொஞ்சம் அதிகமாகப் பெருக்கி, பதிவு செய்திருந்தோம். மாடல் கற்றுக்கொண்டது விரிசலை இல்லை, புல்லின் உயரத்தை.

இது என் முட்டாள்தனம் மட்டும் இல்லை, துறையின் அமைப்பே அப்படி. நன்றாகத் தயாரித்த பொருளில் குறை அரிது. ஆயிரம் படத்தில் ஒன்றில்தான் குறை என்றால், கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை, இல்லை' என்று சொல்லும் நிரல்கூட 99.9 சதவீதம் சரி. அதனால் துல்லிய சதவீதத்தைத் தலைப்பில் போடும் கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் திறக்கிறேன். உருப்படியான வழியாக எனக்குப் படுவது, நிஜ விரிசலின் சிக்னலை மட்டும் பிரித்தெடுத்து, குறையில்லாத வெல்டின் நிஜப் பதிவுக்குள் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு அளவில் நட்டு, அதை வைத்துப் பழக்குவது. பின்லாந்துக் குழு ஒன்று இதில் நல்ல வேலை செய்திருக்கிறது. அதே படங்களை மனிதப் பரிசோதகர்களிடமும் காட்டி, இருவருக்கும் ஒரே பி.ஓ.டி. அளவுகோலை வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

இனி எப்போதாவது வந்து சோதிப்பதற்குப் பதிலாக சென்சாரை அங்கேயே ஒட்டிவைத்துவிட்டு நாள்தோறும் கேட்டுக்கொண்டிருப்பது. குழாயைச் சுற்றி வளையமாக ட்ரான்ஸ்டியூசர்களை (ஒலியை அனுப்பிக் கேட்கும் சென்சார்களை) கட்டி, சில பத்து கிலோஹெர்ட்ஸில் முறுக்கலையை, அதாவது குழாயை முறுக்குகிற மாதிரி அதிரும் அலையை, அனுப்பினால் அது குழாயின் சுவரையே பாதையாக வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டராகப் போகும். மண்ணுக்கடியில், காப்புறைக்குள், எட்டாத உயரத்தில் உள்ள அரிப்பைக்கூட ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். யோசனை ரொம்ப எளிது. இன்றைய சிக்னலிலிருந்து நேற்றைய சிக்னலைக் கழி, மிச்சம் இருந்தால் அது புதிய சேதம். நானும் அப்படித்தான் நினைத்தேன், பிறகு வெயில் வந்தது. இரும்பில் முறுக்கலையின் வேகம் ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அல்லது சற்றுக் கூடவே குறையும். ஒன்றுமில்லாத அளவு என்று தோன்றும். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் வெல்டிலிருந்து எதிரொலி வந்து சேர ஆறு மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. பத்து டிகிரி சூடு ஏறினால் அது ஆறு மைக்ரோ நொடி தாமதமாக வரும். 30 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 33 மைக்ரோ நொடிதான், ஆக ஐந்தில் ஒரு பங்கு சுற்று நகர்ந்துவிட்டது. இப்போது கழித்துப் பாருங்கள், மிச்சம் மூல எதிரொலி அளவுக்கே நிற்கும். சேதம் எதுவும் இல்லை, வெயில் அடித்திருக்கிறது, அவ்வளவே. வெப்பத்தை ஈடுகட்டும் கணக்குகள் நிறைய வந்துவிட்டன, நன்றாகவும் வேலை செய்கின்றன, ஆனால் குழாயின் ஒரு பகுதி வெயிலிலும் மறுபகுதி நிழலிலும் இருந்தால், ஐந்து வருடத்தில் ஒட்டிய பசையே கிழடு தட்டினால் என்ன செய்வது? சென்சார் தானே கெட்டுப்போனதைக் குழாய் கெட்டதிலிருந்து பிரித்துச் சொல்லும் வேலைக்கு இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

பசை என்றதும் நினைவுக்கு வருகிறது, முத்தப் பிணைப்பு என்று ஒரு வில்லங்கம் உண்டு. பசையால் ஒட்டிய இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், ஆனால் பிடிப்பு இருக்காது. ஒலிக்கு இடைவெளி இருந்தால்தானே தெரியும், மயிரிழை காற்று இருந்தாலும் முழுசாகத் திரும்பிவிடும், இங்கே இடைவெளியே இல்லை, ஒலி ஜம்மென்று கடந்து போகிறது. நாம் கேட்பது 'தொடுகிறதா' என்ற கேள்வி, நமக்குத் தெரிய வேண்டியது 'எவ்வளவு இழுத்தால் பிரியும்' என்பது. ஒட்டியதன் வலிமையை அதைப் பிரிக்காமல் அளப்பதற்கு எல்லோரும் நம்பும் வழி இன்னும் வரவில்லை. அதனால்தான் விமானத்தின் முக்கியமான பாகங்களைப் பசையால் மட்டும் ஒட்டிவிட்டு ரிவெட்டே இல்லாமல் விட இன்னும் தயங்குகிறார்கள். லேசரால் ஓர் அதிர்ச்சி அலையைக் கொடுத்து, நல்ல ஒட்டு தாங்கும், கெட்ட ஒட்டு அங்கேயே பிரிந்துவிடும் என்று சோதிப்பது ஒரு வழி. பிரிந்துவிட்டால் அதைச் 'சிதைக்காத' சோதனை என்று எப்படிச் சொல்வது என்பது தேநீர் நேரத்தில் எங்களுக்குள் நடக்கும் நிரந்தர விவாதம்.

உலோகத் தூளை அடுக்கடுக்காக உருக்கிப் பொருளாக்கும் முப்பரிமாண அச்சு பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. அதில் பொருளின் வடிவம் வளைந்து நெளிந்திருக்கும், உள்ளே பொந்துகள் இருக்கும், பரப்பு மணல்தாள் மாதிரி இருக்கும், ப்ரோப்பை வைக்க இடமே கிடைக்காது. எல்லோரும் சி.டி. (பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து முப்பரிமாணப் படமாக்குவது) எடுத்தால் போதும் என்கிறார்கள். பத்து சென்டிமீட்டர் அகலப் பொருளை 2,000 பிக்ஸல் அகல டிடெக்டரில் பார்த்தால் ஒரு பிக்ஸலுக்கு 50 மைக்ரான், ஒன்றை நம்பிச் சொல்ல மூன்று பிக்ஸலாவது வேண்டும், அப்படியானால் 150 மைக்ரான். உருகாமல் விட்டுப்போன அடுக்கோ அகலமாக இருந்தாலும் தடிமனில் ஒரு பிக்ஸல்கூட இருக்காது. மறுபடியும் என் தகட்டுக் கதைதான், பெரியது, தட்டையானது, தவறான திசையில் படுத்திருப்பது. அச்சடிக்கும்போதே அடுக்கடுக்காகப் பார்த்துவிடுவது நல்ல திசை என்று நினைக்கிறேன், ஆனால் மேலே அடுத்த அடுக்கு உருகும்போது கீழே இருந்த குறை சில சமயம் தானே மூடிக்கொள்ளும், பார்த்த குறையெல்லாம் இருக்கும் குறை என்றும் சொல்ல முடியாது.

மற்றதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பரப்பைச் சூடாக்கி அது ஆறுவதைப் பார்க்கும் வெப்பப் படமெடுப்பு வேகமானது, அகலமான கலப்புப் பொருள் பலகைகளுக்கு நல்லது, ஆனால் ஆழம் இரட்டிப்பானால் காத்திருக்கும் நேரம் நான்கு மடங்கு, அதற்குள் சூடு பக்கவாட்டில் பரவிப் படம் மங்கிவிடும். எடி கரண்ட் தோலோடு நின்றுவிடும், அலுமினியத்தில் ஒரு கிலோஹெர்ட்ஸிலேயே இரண்டரை மில்லிமீட்டர்தான். ஒலி உமிழ்வு, ஜோசப் கைசர் மியூனிக்கில் 1950-ல் எழுதிய ஆய்வேட்டிலிருந்து வளர்ந்தது, விரிசல் வளரும்போது போடும் சத்தத்தைக் கேட்பது, வளராமல் சும்மா இருக்கும் விரிசல் வாயைத் திறக்காது.

கடைசியாக அரே. இதை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே ப்ரோப்புக்குப் பதில் 64 சின்னத் துண்டுகள் வரிசையாக. ஒவ்வொன்றாக ஒலி எழுப்பும், ஒவ்வொரு முறையும் அறுபத்து நான்கும் கேட்கும், ஆக 4,096 பதிவுகள். பிறகு கணினியில் உலோகத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 'இங்கிருந்து எதிரொலி வந்திருந்தால் ஒவ்வொரு பதிவிலும் எந்த நேரத்தில் வந்திருக்கும்' என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் கூட்டுவது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2005-ல் இதை முழுமையாகச் செய்து காட்டினார்கள், இன்று கையில் எடுத்துப் போகும் மெஷினிலேயே வந்துவிட்டது. அடிப்பரப்பில் பட்டுச் சுற்றி வரும் பாதைகளையும் கணக்கில் சேர்க்கலாம் என்பதுதான் எனக்கு முக்கியம், எனக்கு முதுகைக் காட்டிப் போன ஒலி, அரேயின் மறுகோடியில் உள்ள துண்டுக்கு முகத்தைக் காட்டும்.

பல வருடம் கழித்து அதே தகடு என் கைக்கு வந்தது. அரேயை வைத்துப் படம் எடுத்தேன். பன்னிரண்டாவது விரிசல் முழு உயரத்துக்கும் கோடு மாதிரி நின்றது, மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் ஒவ்வொரு புள்ளி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெல்டின் மறுகோடிக்கு நகர்த்தியபோது இன்னொரு புள்ளி தெரிந்தது, சின்னது, மங்கலானது, புல்லைவிடக் கொஞ்சம்தான் உயரம். விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன், அந்த இடத்தில் எதுவும் வைக்கவில்லை என்று இருக்கிறது. தகட்டைத் திருப்பிப் போட்டு எடுத்தேன், ப்ரோப்பை மாற்றி எடுத்தேன், ஒரு முறை தெரிகிறது, ஒரு முறை தெரியவில்லை. தகட்டுக்குப் பொறுப்பானவரிடம் போய் ஒரு ஓரமாக வெட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அடுத்த மாதம் அதில்தான் தேர்வு இருக்கிறது, வெட்டினால் வேறு தகடு கிடையாது என்றார். படத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன், கோப்பின் பெயர் 'பதிமூன்று', பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.